கடலுக்கு அந்தப் பக்கத்து ஊரடங்கு

என் கணவரின் ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: "இந்தியச் செய்தி." வைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் அதை வைத்ததில் முழு நியாயமும் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நான் நழுவப் பார்க்கிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

நான் மன்னாரில் பிறந்தவள்தான். ஆனால் இரண்டு வயதில் அம்மாவின் மடியில் படகேறிப் போய், இருபத்தேழு வயதில்தான் திரும்பி வந்தேன். இடையில் இருந்ததெல்லாம் தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில். பள்ளிக்கூடம், தோழிகள், முதல் சைக்கிள், முதல் அடிதடி எல்லாம் அங்கேதான். திரும்பி வந்து நானாட்டானுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வயலும் ஒரு பழைய உழவு இயந்திரமும் வைத்திருந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன். அவர் நல்லவர், குறைவாகப் பேசுபவர். நான் அவருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

என் பேச்சுத்தான் பிரச்சினை. இங்கே "ஓம்" என்பார்கள், நான் "ஆமாங்க" என்பேன். இங்கே "கதிரை" என்பார்கள், நான் "சேர்" என்பேன். கடையில் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வருடங்கள் போகப் போக நானும் ஓரளவு இந்த ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டேன். ஆனால் கோபம் வந்தால் முகாம் தமிழ் தானாக வந்து நிற்கும். அதனால் கல்யாணமான கையோடு நான் அடம்பிடித்து வாங்க வைத்த முதல் பொருள் ஒரு டிஷ். தொலைக்காட்சியைப் போட்டால் என் ஊர்ப் பேச்சு கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தேங்காய் துருவினால் தேங்காய்கூடச் சீக்கிரம் முடியும்.

கொரோனா வந்தபோது அந்தத் தொலைக்காட்சியில் நான் நம்பியது ஒரு விமர்சகரை. தினமும் மாலையில் ஒரு மணி நேரம். கொரோனாவுக்கு முன்பு அவர் தேர்தலைப் பற்றிப் பேசுவார், தங்க விலையைப் பற்றிப் பேசுவார், புதுப் படம் ஓடுமா ஓடாதா என்று பேசுவார். அப்போதெல்லாம் அவர் முகத்துக்குக் கீழே "மூத்த விமர்சகர்" என்று எழுத்து ஓடும். நோய் வந்த மாதமே அது "மருத்துவ ஆய்வாளர்" என்று மாறிவிட்டது. எந்தக் கல்லூரியில் எப்போது படித்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் குரல் அப்படி! எங்கள் முகாம் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரின் குரல். அந்தக் குரலில் யார் என்ன சொன்னாலும் என் தலை தானாக ஆடும்.

முதல் ஊரடங்குக் காலம். வீட்டில் சீனி முடிந்து மூன்று நாள். ஒரு மாலை விமர்சகர் சொன்னார், நாளைக் காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை மளிகைக் கடைகள் திறக்கும், பெண்கள் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு வரிசையாகப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று. நான் உடனே வேலியடிக்கு ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அக்கா அடுத்த வேலிக்குச் சொன்னார். காலையில் நாங்கள் ஆறு பெண்கள் பையும் கையுமாகப் புறப்பட்டோம், அவர் சொன்னபடியே இடைவெளி விட்டு, நான் முன்னால், மற்றவர்கள் பின்னால். ஏதோ திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவர்கள் போல இருந்தோம்.

சந்தியில் ஒரு காக்கைகூட இல்லை. தடுப்புக்கட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள்.

"அம்மா, எங்க போறது?" என்றார் ஒருவர், தெரிந்த தமிழில்.

"கடைக்கு."

"கடை இல்ல. ஊரடங்கு. கடை திறக்கிறது யார் சொன்னது?"

ஐந்து விரல்கள் என்னை நோக்கி நீண்டன. இத்தனைக்கும் ஐவரில் ஒருத்திக்கு நான் போன வாரம்தான் புளி கொடுத்திருந்தேன்.

"டிவியில சொன்னாங்க சார்," என்றேன்.

என் பேச்சைக் கேட்டதும் அவர் தலையைச் சாய்த்தார். "எந்த டிவி?"

சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மற்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்த சிரிப்பில் ஒருவர் மூச்சுவிட முடியாமல் முகக்கவசத்தை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நான் ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் புறப்பட்டிருக்கிறேன்!

திரும்பி வரும் வழியில் அக்கா வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இஞ்சேர், இனி உனக்குப் பேர் இந்தியச் செய்தி" என்றார். அன்று மத்தியானத்துக்குள் பெயர் குளத்தடி வரை போய்விட்டது. சீனி மட்டும் வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அந்த விமர்சகரை விடவில்லை. அவர் அவருடைய ஊர்க்காரர்களுக்குச் சொன்னதை நான் எடுத்து என் தலையில் போட்டுக்கொண்டேன், அதில் அவர் குற்றம் என்ன என்று அவருக்காக நானே வாதாடினேன். கடை திறக்கும் நேரத்துக்கு மட்டும் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்கப் பழகிக்கொண்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் அவர்தான்.

இரண்டாவது வருடம் ஒரு காலை, அரிப்புக் கடற்கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் வாசலில் வந்து ஹோர்ன் அடித்தார். பெட்டியைத் திறந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேலியோரம் ஓடினேன். மீன்காரருக்குக் கோபம், "அக்கா, விடியப் பிடிச்ச மீன்!" என்று. எனக்கோ வாந்தி எடுத்தபடியே சிரிப்பு வந்தது. கல்யாணமாகி எட்டு வருடம். போகாத கோயில் இல்லை, பார்க்காத வைத்தியர் இல்லை, கேட்காத கேள்வியும் இல்லை. இப்போது எட்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரு சூரை மீன் பதில் சொல்லியிருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் முற்றத்துக்குப் போய் உழவு இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணினார். எங்கேயும் போகவில்லை, சும்மா அதன் மேல் ஏறி உட்கார்ந்து அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அதுதான் சத்தம்.

கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் எங்கள் பகுதி மருத்துவமாது ஸ்கூட்டியில் வந்து என் பெயரைப் பதிந்தார். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தலைக்கவசம், முகக்கவசம், அதற்கு மேல் ஒரு கண்ணாடித் தகடு. தெரிந்ததெல்லாம் இரண்டு கண்கள். வீட்டுக்குள் வரமாட்டார். வேப்பமரத்தடியில் இரண்டு கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, என் அட்டையில் எழுதுவார். என்னை "அம்மா" என்பார். அந்தக் குரலின் கண்டிப்பை வைத்து அவருக்கு ஐம்பது வயது இருக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கொரோனாத் தடுப்பூசி வந்த புதிதில் அவர்தான் சொன்னார், "கர்ப்பிணிகளுக்கு இப்ப ஊசி இல்லை அம்மா. வீட்டை விட்டு வெளிக்கிடாதேங்கோ" என்று. விமர்சகரும் அதையே சொன்னார், இன்னும் உரத்து. அந்த ஊசிக்குப் பக்கத்திலேயே கர்ப்பிணிகள் போகக்கூடாது என்றார். இருவரும் ஒன்றையே சொன்னதில் எனக்கு நிம்மதி. வயிற்றைத் தடவிக்கொண்டு முருங்கைக்கீரை சாப்பிட்டேன்.

சில வாரங்களில் மிஸ் மறுபடி வந்தார். "கர்ப்பிணிகளுக்கும் போடச் சொல்லி வந்திருக்கு. மூண்டு மாதம் தாண்டினாக்கள் போடலாம். உங்களுக்கு இப்ப ஐஞ்சு. அடுத்த கிழமை நானாட்டான் பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ."

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம்! அன்று வேண்டாம், இன்று போடு. நாளைக்கு என்ன சொல்வார்கள்? விமர்சகரைப் பாருங்கள், முதல் நாள் சொன்னதையே இன்றும் சொல்கிறார், ஒரு சொல் மாறவில்லை. ஆண்பிள்ளை என்றால் அதுதான் என்று கணவரிடம் கத்தினேன்.

"நீர் என்ன முடிவெடுக்கிறீரோ, அது எனக்குச் சம்மதம்," என்றார் அவர்.

"இது என் ஒருத்தி பிள்ளையா? நீங்க ஒரு முடிவு சொல்லுங்க!"

"எட்டு வருசத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. ஒண்டும் நடந்திடக் கூடாது எண்டுதான் எனக்கும் பயம். ஆனா போட்டா நடக்குமோ, போடாட்டி நடக்குமோ எண்டு தெரியேல்லையே" என்றார்.

எனக்கும் அதே பயம்தான். நான் சத்தம் போட்டேன், அவர் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாரம்தான் அடுத்த கிராமத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குத் தொற்று வந்து, மூச்சு எடுக்க முடியாமல் அம்புலன்சில் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் அந்த வண்டி எங்கள் வீதியால் போனபோது என் கை வயிற்றில் ஒட்டிக்கொண்டது, போன பிறகும் எடுக்க வரவில்லை.

நான் ஒரு நாற்பது பக்கக் கொப்பி எடுத்து என் கேள்விகளை எழுதினேன். பதினொரு கேள்விகள். மருந்து பிள்ளைக்குப் போகுமா, காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும், பால் கொடுக்கலாமா, பிள்ளை வளர்ந்து பத்து வயதில் ஏதாவது வந்தால் யாரைக் கேட்பது என்று இப்படி. மிஸ் வந்ததும் பரீட்சை வைக்கும் வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் ஏழுக்குப் பதில் சொன்னார். நாலுக்கு, "இது எனக்குத் தெரியாது அம்மா. டொக்டரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்று தன் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் நான் வெற்றியோடு கணவரைப் பார்த்தேன். "பார்த்தீங்களா? அவங்களுக்கே தெரியல!"

அன்று மாலை விமர்சகரின் நேரலை; அது கைப்பேசியிலும் வரும். யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் கேள்வி எழுதலாம், அவர் வாசித்துப் பதில் சொல்வார். நான் எழுதிப் போட்டேன்: "அண்ணா, நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நான் கர்ப்பிணி. ஊசி போடலாமா?" ஆயிரம் கேள்விகளுக்குள் அது எங்கே வரப்போகிறது என்று நினைத்தபோதே அவர் வாயிலிருந்து வந்தது: "இலங்கையிலிருந்து ஒரு சகோதரி கேக்குறாங்க…"

நான் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறின. கணவர் கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார். நான் வேலியடிக்கு ஓடி அக்காவுக்குத் தெரியும்படி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தேன். என் கண்ணில் தண்ணீர். நான் விட்டு வந்த அந்த மண்ணிலிருந்து ஒருவர் என்னைச் சகோதரி என்று கூப்பிடுகிறார்!

"சகோதரி, போடாதீங்க," என்றார் அவர், கமராவை நேராகப் பார்த்து. "என்மேல நம்பிக்கை இருக்கா? இருந்தா போடாதீங்க. அவ்வளவுதான்." பிறகு சற்றும் மூச்சு வாங்காமல், தான் வீட்டில் பாவிக்கும் செக்கு நல்லெண்ணெயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதன் பிறகு யாரோ ஒருவரின் கேள்வி, சினிமாக் கொட்டகைகள் எப்போது திறக்கும் என்று.

நான் பெருமையோடு அக்காவைப் பார்த்தேன். அக்கா வேலிக்கு மேலால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"அதுசரி, உனக்கு எத்தினை மாதமெண்டு அவர் கேக்கேல்லையே?"

"நேரலையில எப்படிக் கேட்பார்?" என்று அக்காமேல் பாய்ந்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். ஆனால் அக்காவின் கேள்வி மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றுவிட்டது. நானும் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு மாதமாக இருக்கலாம், ஒன்பதாக இருக்கலாம், அறுபது வயதாகக்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவருக்கு அதே பதில்தான் இருந்திருக்கும், அதே எண்ணெயும்தான்.

அடுத்த நாள் மத்தியான வெயிலில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. மிஸ் வருவதாகச் சொல்லவில்லை. வாசல் படலையடியில் நின்று, தலைக்கவசத்தைக் கழற்ற முன்பே கேட்டார்.

"பிள்ளை துடிக்குதோ?"

"துடிக்குது."

"எத்தினை தரம்?"

சொன்னேன். அதைப் பதிந்த பிறகுதான் உட்கார்ந்தார். அந்த நாலு கேள்விகளில் இரண்டுக்குப் பதில் கொண்டுவந்திருந்தார். மற்ற இரண்டுக்கும், "டொக்டருக்கும் தெரியாதாம். இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாதாம். ஆனா, இந்தக் கொரோனா வருத்தம் வந்தால் கர்ப்பிணிக்கு மற்றாக்களை விட ஆபத்துக் கூட. அது தெரியும்" என்றார்.

நான் விடவில்லை. முகாம் தமிழ் முழுதாக வந்துவிட்டது. "அன்னைக்கு வேணாம்னு சொன்னதும் நீங்கதான், இன்னைக்குப் போடுன்னு சொல்றதும் நீங்கதான். எதை நம்புறது?"

அவர் கோபப்படவில்லை. கண்ணாடித் தகட்டுக்குள்ளிருந்து வியர்வை வழிந்தது.

"ஓம் அம்மா, நான்தான் சொன்னனான். அப்ப எங்களுக்குத் தெரியாது, அதால வேண்டாமெண்டனான். இப்ப கொஞ்சம் தெரியும், அதால போடுங்கோ எண்டுறன். நாளைக்கு வேற மாதிரித் தெரிஞ்சா, இதே வெயிலுக்குள்ள திரும்பி வந்து அதையும் சொல்லுவன்."

நான் அத்தோடு சண்டையை விட்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம். கணவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் கொப்பியை மூடிவிட்டு, "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.

நானாட்டான் பள்ளிக்கூட மண்டபத்தில் கர்ப்பிணிகள் உட்காரத் தனி வாங்கு. எதிர்ச் சுவரில் சின்னப்பிள்ளைகளின் வாய்ப்பாடு ஒட்டியிருந்தது. பயம் தெரியாமலிருக்க ஏழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொன்னேன். ஏழெட்டு ஐம்பத்தாறில் கையில் ஏதோ சுருக்கென்றது. "முடிஞ்சுது அம்மா," என்றார்கள். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் போட்ட சண்டைக்கு இன்னும் கொஞ்சம் வலித்திருக்கலாம்.

மாலையில் காய்ச்சல் வந்தது. வரும் என்று மிஸ் சொல்லியிருந்தார், என்ன குளிசை எடுக்க வேண்டும் என்றும் எழுதித் தந்திருந்தார். ஆனாலும் என் கணவர் ஈரத்துணி ஒரு கையில், கைப்பேசி மறு கையில் என்று என் பக்கத்திலேயே நின்றார். இருட்டுப் படும் நேரம் வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது பாருங்கள், நானே துள்ளிவிட்டேன். அவர் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். மறுபடி ஒரு உதை. அவர் எழுந்து முற்றத்துக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் உழவு இயந்திரம் உறுமியது. அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன, இந்த நேரத்தில உழவோ?" என்று கத்தினார்.

விமர்சகருக்கும் ஒரு வரி எழுதிப் போட்டேன், போட்டுக்கொண்டேன் அண்ணா, நன்றாக இருக்கிறோம் என்று. அவர் அதை வாசிக்கவில்லை. அந்த வாரம் அவர் வேறு ஏதோ விஷயத்துக்குப் போய்விட்டிருந்தார். முகத்துக்குக் கீழே எழுத்தும் மாறியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. இன்றைக்கும் புதுப் படத்தைப் பற்றி அவர் பேசினால் தேங்காய் துருவியபடி கேட்பேன். அந்தக் குரல் எனக்கு வேண்டியிருக்கிறது. படம் ஓடாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

மழைக்காலத்தில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் போட்ட சத்தத்தைக் கேட்ட தாதி, "தாயைப் போல" என்றார். என்னை அவருக்கு அன்று காலையில்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த சில நாளில் மிஸ் வந்தார். மழை விட்டு வெயில் எறித்த காலை. பிள்ளையைத் தராசில் நிறுத்தார், தொப்புளைப் பார்த்தார், நான் பால் கொடுக்கும் விதம் பிழை என்று இரண்டு தரம் ஏசினார். எல்லாம் முடிந்ததும், "அம்மா, குடிக்கத் தண்ணி தாறீங்களோ?" என்று முதல் தடவையாகக் கேட்டார். கணவர் செம்பில் கொண்டுவந்து கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மிஸ் எங்களை விட்டு விலகிப் போய் நின்று, கண்ணாடித் தகட்டை மேலே தூக்கி, முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினார்.

நான் பிள்ளையை அணைத்தபடி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பது வயதும் இல்லை, நாற்பதும் இல்லை. முப்பதைத் தாண்டாத பெண். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. கன்னத்தில் முகக்கவசத்தின் நாடா பதிந்து ஒரு கோடு. தொலைக்காட்சிக்காரரின் இடது புருவத்துக்குப் பக்கத்து மச்சம் வரை எனக்குத் தெரியும். என் பிள்ளைக்காக இத்தனை மாதம் வெயிலிலும் மழையிலும் வந்தவளின் முகத்தை நான் அன்றுதான் பார்க்கிறேன்.

அவள் தண்ணீரைக் குடித்து முடித்து முகக்கவசத்தை மேலே இழுத்தாள். மறுபடி இரண்டு கண்கள்.

"என்னம்மா, அப்பிடிப் பாக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை மிஸ்," என்றேன். "இன்னும் ஒரு செம்பு தண்ணி குடியுங்கோவன்."